அக்கா கையெழுத்திட்ட எண்ணெய்

கடலூர் ஓ.டி. என்கிற ஓல்ட் டவுன் ரயிலடியில் அக்கா இறங்கியபோது அவள் கையில் ஒரு மூங்கில் கூடை இருந்தது. ஈரத் துண்டால் மூடி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய கூடை. கூட்டத்தில் யாரும் இடித்துவிடாதபடி அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கினாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். தரவில்லை. "நீ இதத் தொடக்கூடாது தம்பி. தள்ளி நில்லு," என்றாள். அத்தனை பேர் நடுவில் அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதினோரு நாளாக நான் வேலைக்குப் போகாமல் அறையில் முடங்கிக் கிடந்தேன். ஆஸ்பத்திரி மருந்தைத் திருடி விற்றவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தக் கூடைக்குள் இருப்பதுதான் என்னை மீட்க வேண்டும், இல்லாவிட்டால் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். அக்கா ஒரு ஜட்கா வண்டி பிடித்து ஏறினாள். என்னையும் ஏறச் சொல்வாள் என்று பக்கத்தில் போய் நின்றேன். "நாம ரெண்டு பேரும் ஒண்ணா போய் எறங்குனா நல்லா இருக்காது," என்று சொல்லிவிட்டு வண்டியை விடச் சொன்னாள். அந்த வெயிலில் நான் பின்னாலேயே நடந்து போனேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் வரகும் விளைகிற மேட்டு நிலம். எங்கள் வகையறாவில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் எட்டாவது தாண்டியதில்லை. சிதம்பரம் கீழ வீதியில் தாய்மாமா வீடு இருந்ததால் அக்காவுக்குப் படிப்பு வாய்த்தது. அங்கே தங்கிப் பள்ளிக்கூடம் முடித்தாள். பிறகு ரசாயனம் எடுத்துக் கல்லூரிப் படிப்பு. முதல் வகுப்பில் தேறியதும் அங்கேயே ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் யாராவது அவள் கல்யாணப் பேச்சை எடுத்தால் அப்பா, "அது படிச்சிக்கிட்டிருக்குது," என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். அவள் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து நான்கு வருஷம் ஆன பிறகும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படிப்பில் சுமார். கம்பவுண்டர் பரீட்சை தேறி, கடலூர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது கட்டில், ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ்கள். மருந்து அறையும் அதன் சாவியும் என் பொறுப்பு.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. யுத்தத்தால் எங்களுக்கு வந்த பெரிய கஷ்டம் அரிசியும் மண்ணெண்ணெயும் மட்டுமில்லை. சீமையிலிருந்து வரும் கார்பாலிக் அமிலம் நின்றுவிட்டது. புண் கழுவவும் கத்தி கத்தரிக்கோலை நனைத்து வைக்கவும் அதுதான் எங்களுக்கு எல்லாம். பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போக மிச்சம் இருந்தால்தானே எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு? உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போயிருந்தபோது மாமா வீட்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்து இதைப் புலம்பினேன். அக்கா சாப்பிட்டு எழுந்து கை கழுவியதும், அந்த ஆஸ்பத்திரியில் சீழ் பிடித்த புண் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஐந்தாறு மாதம் அவளுடைய சோதனைச்சாலை மளிகைக்கடை மாதிரியும் பூக்கடை மாதிரியும் மணத்தது. வெட்டிவேர், துளசி, தைலமரத்து இலை, கிராம்பு, ஓமம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் செப்புப் பானையில் தண்ணீரோடு கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்து எடுத்தாள். கிருமியை வளர்ப்பதற்குக் கூழ் போல உறையும் அகார் வேண்டும். அதுவும் ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த பொருள்தான். நின்றுபோயிருந்தது. நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்வதற்காகப் பரங்கிப்பேட்டையில் கடற்பாசி விற்பார்கள் என்று சோதனைச்சாலை அட்டெண்டர் சொல்ல, அவரையே அனுப்பி வாங்கிவரச் செய்தாள். அதைக் காய்ச்சி இறைச்சிச் சாறு சேர்த்துக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினால் இளநீர் வழுக்கை போல உறையும். எங்கள் ஆஸ்பத்திரிப் புண்ணிலிருந்து டாக்டர் எடுத்துக்கொடுத்த சீழை அதன்மேல் தடவி, நடுவில் சின்னக் குழி தோண்டி, அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பல்பு எரியும் மரப்பெட்டிக்குள் ஒரு நாள் சூட்டில் வைப்பாள். கிருமி வளர்ந்த இடம் பால் ஆடை போலப் படர்ந்திருக்கும். எண்ணெய்க்கு வீரியம் இருந்தால் குழியைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் துடைத்துவிட்டாற்போலத் தெளிவாக இருக்கும்.

எல்லாரும் உயர்வாக நினைத்த வெட்டிவேர் எண்ணெய் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. தைலமரம் பரவாயில்லை. கிராம்பும் ஓமமும்தான் அகலமான வட்டம் போட்டன. இரண்டிலும் கார்பாலிக் அமிலத்துக்குப் பங்காளி முறையாகிற பொருள் இருக்கிறது என்று அக்கா விளக்கினாள். கிராம்பு கப்பலில் வர வேண்டும். ஓமம் நம்முடைய மளிகைக்கடையிலேயே கிடைக்கும். ஓம எண்ணெயைக் குளிரவைத்தால் அதிலிருந்து கண்ணாடித் துண்டு போலப் படிகம் பிரியும். ஓம உப்பு என்பார்கள், இங்கிலீஷில் தைமால். கிருமியைக் கொல்லும் வேலையில் பெரும்பங்கு அந்த உப்பினுடையது. நல்ல ஓம எண்ணெயில் பாதிக்குச் சற்று முன்பின்னாக அதுதான் கரைந்திருக்கும்.

இது எங்கள் டாக்டர் மூலமாக ஆஸ்பத்திரிக் கமிட்டியின் காதுக்குப் போனது. கமிட்டியில் ஒருவர் கடலூரில் பெரிய எண்ணெய் வியாபாரி. அத்தர், சந்தனம், தைலம் எல்லாம் வடக்கேயிருந்து வரவழைத்து விற்பவர். ஓம எண்ணெயைத் தானே தருவித்து ஆஸ்பத்திரிக்குத் தர்மமாகக் கொடுக்கிறேன் என்று முன்வந்தார். ஒரு சின்னப் புட்டி எண்ணெயோடு அக்காவிடம் போய், சோதித்துச் சான்று எழுதித் தரச் சொன்னார். அக்கா சோதித்தாள். அருமையான எண்ணெய். புண் கழுவத் தகுந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அந்தச் சான்றை அப்படியே அச்சடித்து, வந்து இறங்கிய ஒவ்வொரு டின்னிலும் ஒட்டிவிட்டார். என் மருந்து அறைக்குள் வரிசையாக நின்ற தகர டின்களில் எல்லாம் என் அக்காவின் கையெழுத்து. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த எண்ணெயைச் சோப்புக் கரைசலோடு குலுக்கி, வெந்நீரில் கலந்து, வார்டுக்குப் புட்டி புட்டியாக அனுப்பினேன். ஆஸ்பத்திரி முழுக்க ஓம வாசனை. பார்க்க வந்தவர்கள் மூக்கை உறிஞ்சி, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று மெச்சினார்கள். ஆனால் புண்கள் ஆறவில்லை. ஒன்றிரண்டு என்றால் உடம்பு வாகு என்று விட்டுவிடலாம். சின்னக் கீறலோடு வந்தவர்களுக்கும் சீழ் வைத்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர், பெட்டி விழுந்து பாதம் நசுங்கி வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும், திடகாத்திரமான ஆள். தினம் இரண்டு வேளை நான் கலந்த மருந்தால்தான் அவருடைய காலைக் கழுவினார்கள். பத்தாவது நாள் கணுக்காலுக்கு மேல் கறுத்துவிட்டது. உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் கமிட்டி கூடியது. எண்ணெய் நல்ல எண்ணெய், அதற்குக் கல்லூரிச் சான்று இருக்கிறது. அப்படியானால் தவறு எங்கே? சாவி என்னிடம். கலப்பது நான். எண்ணெயை வெளியே விற்றுவிட்டு, டின்னில் வேறு எதையோ ஊற்றி நிரப்பியிருக்கிறேன் என்று பேச்சு எழுந்தது. யார் முதலில் சொன்னது என்று எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் எல்லார் வாயிலும் அதுவே. நான் சத்தியம் செய்தேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்க்காமல், விசாரணை முடிகிறவரைக்கும் வர வேண்டாம் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் ஒரு ஏற்பாடு மட்டும் செய்தார். எண்ணெயைச் சிதம்பரத்துக்கே அனுப்பிச் சோதிக்கலாம் என்றார். அவனுடைய அக்காவிடமேவா என்று ஒருவர் ஆட்சேபித்தார். மதராஸுக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும், அந்த அம்மாள் நம் எல்லார் முன்னாலும் வந்து காட்டட்டும் என்று டாக்டர் பதில் சொன்னார். வியாபாரியும் சரி என்றார். சான்று எழுதிக் கொடுத்த கையே தன் எண்ணெயைக் குறை சொல்லாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

திறக்காத ஒரு டின்னிலிருந்தும், திறந்து பாதி தீர்ந்திருந்த டின்னிலிருந்தும், வார்டுக்கென்று நான் எடுத்து வைத்திருந்த எண்ணெய்ப் புட்டியிலிருந்தும் டாக்டரே தன் கையால் எடுத்து, அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தனுப்பினார். நான் திருடியிருந்தால் திறக்காத டின்னில் நல்ல எண்ணெயும், மற்ற இரண்டில் கெட்ட எண்ணெயும் இருக்கும். அதுதான் கணக்கு. அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் எந்தத் தப்பும் பண்ணவில்லை, நீ என்னை நம்ப வேண்டும் என்று நாலு பக்கத்துக்கு எழுதினேன். பதில் ஒரு கார்டில் வந்தது. சோதனை முடியும்வரை கடிதம் எழுதாதே, நேரிலும் வராதே என்று இரண்டே வரி. நம்புகிறேன் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டேன். டாக்டருக்கு மட்டும் வியாழக்கிழமை வருவதாக எழுதியிருந்தாளாம். வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. சனிக்கிழமைதான் வந்தாள்.

ஜட்காவுக்குப் பின்னால் நடந்து நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது, டாக்டர் அறையில் நீள மேஜையைச் சுற்றிக் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள். அக்கா வெள்ளைப் புடவையைத் தோளில் இழுத்துச் செருகியிருந்தாள். வகுப்பெடுக்கிற வாத்தியார் மாதிரி பேசப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேச்சையே ஆரம்பிக்கவில்லை. இரண்டு சின்னப் புட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டுக்கும் பெயர்ச்சீட்டு இல்லை. எல்லாரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னாள். கை மாறி மாறிப் புட்டிகள் சுற்றி வந்தன. இரண்டும் ஓம எண்ணெய்தான் என்றார்கள், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றார்கள். வியாபாரியிடம் வந்தபோது அவர் அத்தர்க்காரர் வழக்கப்படி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் தேய்த்து, கண்ணை மூடி முகர்ந்தார். முகம் மலர்ந்தது. வலப்பக்கத்துப் புட்டியைத் தொட்டார்.

"இதாம்மா ஒசந்த சரக்கு. அது கொஞ்சம் காரமா மூக்குல ஏறுது. இது நைஸா இருக்கு."

"மூக்குல ஏறுதுன்னு சொன்னீங்களே, அது நீங்க மொதல்ல எங்கிட்ட கொண்டாந்து குடுத்த எண்ணெய்," என்றாள் அக்கா. "மிச்சத்த மூடி வச்சிருந்தேன். நைஸா இருக்குன்னு சொன்னது உங்க டின்னுலேர்ந்து எடுத்தது. தெறக்காத டின்னு."

அக்கா கூடையிலிருந்து ஒரு நீளக் கழுத்துக் குடுவையை எடுத்தாள். கழுத்தில் கோடு கோடாக அளவு போட்டிருந்தது. ஓம உப்பு மட்டும் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கரைந்து போய்விடும், எண்ணெயின் மற்ற பாகம் கரையாமல் மேலே வந்து மிதக்கும் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். முதல் எண்ணெயை அளந்து ஊற்றிக் குலுக்கினாள். கொஞ்ச நேரம் நிற்கவிட்டாள். மேலே மிதந்து வந்தது ஊற்றியதில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம்தான் இருக்கும். மீதி கரைந்துபோயிருந்தது. டின் எண்ணெயை அதே அளவு ஊற்றினாள். குலுக்கினாள். ஊற்றியது அப்படியே திரும்பவும் மேலே வந்து நின்றது. டாக்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கரைய வேண்டிய சரக்கு அதில் இல்லை. யாரோ ஓம உப்பை முன்கூட்டியே பிரித்து எடுத்துவிட்டு, மிச்ச எண்ணெயை டின்னில் அடைத்திருக்கிறார்கள். ஓமத்தின் மணம் அதிலும் போகாது. புண்ணுக்குத்தான் அதனால் பிரயோஜனம் இல்லை.

பிறகுதான் ஈரத் துண்டை விலக்கினாள். மெழுகு வைத்து ஒட்டிய கண்ணாடித் தட்டுகள். யாரும் திறக்கக்கூடாது, உள்ளே இருப்பது நம் வார்டுக் கிருமிதான் என்று எச்சரித்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். முதல் புட்டியின் தட்டில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தெளிவான வட்டம். அடுத்த மூன்றும், அதாவது திறக்காத டின், திறந்த டின், என் புட்டி, மூன்றும் ஒன்று போலவே இருந்தன. குழியின் விளிம்புவரைக்கும் வெள்ளை படர்ந்திருந்தது. நூல் அகலத்துக்கு ஒரு விலகல், அவ்வளவுதான். டாக்டர் அப்போதுதான் பதினோரு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

வியாபாரிக்கு வியர்த்துவிட்டது. பம்பாயில் ஒரு ஏஜெண்டிடம் வாங்கினேன், வாசனையை நம்பித்தான் வாங்கினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கமிட்டியில் ஒருவர் அக்காவைப் பார்த்து, இவர் ஏமாற்றினாரா, ஏமாந்தாரா, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

"எண்ணெய்க்குள்ள என்னா இருக்குன்னு சொல்லத்தான் எனக்குத் தெரியும். அவுங்க மனசுல இருந்தது எனக்குத் தெரியாதுங்க," என்றாள்.

அது எனக்கும் இன்றுவரை தெரியாது. வியாபாரி அந்த வாரமே வண்டி அனுப்பி எல்லா டின்களையும் எடுத்துப்போய்விட்டார். கமிட்டிக்கு அப்புறம் வரவில்லை.

அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அக்கா உட்காரச் சொல்லி, தான் எழுதி வந்திருந்த அறிக்கையை எடுத்துப் படித்தாள். சோதனை விவரங்கள் ஒரு பக்கம். கடைசிப் பத்தியில், முன்பு தான் கொடுத்த சான்று ஒரு புட்டி எண்ணெயைப் பற்றியது, டின்களைக் கண்ணால் பார்க்காமலே கொடுத்தது, அது டின்களுக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியது தன்னுடைய பிழை என்றும், அந்தப் பிழையால் நோயாளிகளுக்குக் கேடு நேர்ந்தது என்றும் எழுதியிருந்தாள். டாக்டர் பதறிப்போனார். இந்தப் பத்தி வேண்டாம்மா, உங்களை யாரும் குறை சொல்லவில்லையே என்றார். அவளுடைய புரொபசரும் அதையேதான் சொன்னாராம். வேலை நிரந்தரமாகப்போகிற சமயத்தில் நீயாக ஏன் எழுதிக் கொடுக்கிறாய் என்று கேட்டாராம். அக்கா அறிக்கையை மடித்து டாக்டர் முன்னால் வைத்துவிட்டு, அந்த மூட்டைக்காரர் எந்தக் கட்டிலில் இருக்கிறார் என்று விசாரித்தாள்.

நான்தான் அழைத்துப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் அவருடைய மனைவி விசிறிக்கொண்டிருந்தாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லி ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன்.

"உங்க காலக் கழுவுன மருந்து சரியில்லீங்க. அது நல்ல மருந்துன்னு எழுதிக் குடுத்தது நான்தான். ஒரு சின்னப் புட்டியப் பாத்துட்டு எழுதிட்டேன். டின்னப் போய்ப் பாக்கல."

மனைவியின் விசிறி நின்றுவிட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இனிமே போய்ப் பாத்துட்டுத்தானேம்மா எழுதுவீங்க?" என்றார்.

"பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

அவர் தலையை ஆட்டினார். அக்கா எழுந்து அவர்கள் இருவரையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

சாயங்கால ரயிலுக்கு இருவரும் ஒரே ஜட்காவில் போனோம். பிளாட்பாரத்தில் கடலை வாங்கிக் கொடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு காந்தல் இருந்துகொண்டே இருந்தது. நாலு பக்கம் எழுதினேனே, நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கக்கூடாதா என்று கேட்டேவிட்டேன். அக்கா கடலைத் தோலை ஊதிவிட்டு, சிக்னல் விழுந்திடுச்சு பார் என்றாள். ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அந்தப் பத்தியின் விளைவு சீக்கிரமே தெரிந்தது. அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய நிரந்தர வேலை தள்ளிப்போயிற்று. சான்று எழுதும் பொறுப்பையும் கொஞ்ச காலம் அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் அதைப் பற்றி ஊரில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய ஓம எண்ணெயை, கடையில் ஓமம் வாங்கித் தானே வடித்து அனுப்பினாள். ஒவ்வொரு வாரமும் அட்டெண்டர் கையில் இரண்டு புட்டி வரும். நான் கலந்தேன், புண்கள் ஆறின. ஜாஸ்தி பெருமையடிக்க வேண்டாம், மருந்து எல்லாரையும் பிழைக்கவைத்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வார்டில் கால் எடுக்க வேண்டிய நிலைமை வரவில்லை. எந்த மருந்து வந்தாலும் வந்த டின்னிலிருந்தே, இரண்டு பேர் முன்னிலையில் மாதிரி எடுப்பது என்று டாக்டர் ஒரு விதி போட்டார். அந்த இரண்டு பேரில் ஒருவர் நோயாளியாகவும் இருக்கலாம் என்றார். மூட்டைக்காரருக்குக் கட்டைக்கால் பொருத்தி, அங்கேயே காவல் வேலை கொடுத்தார்கள். பெரும்பாலும் அவர்தான் வந்து என் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. சீமை மருந்துகள் திரும்பவும் வந்தன, பெனிசிலின் வந்தது. ஓம எண்ணெயை எல்லாரும் மறந்துபோனார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நல்ல மருந்து வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பாள். நிரந்தர வேலை தாமதமாகக் கிடைத்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதிரி எடுக்கத் தானே நேரில் போவாள் என்பது தென்னாற்காடு ஜில்லா முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆலைக்காரர்கள் கார் அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் போய் இறங்கி, எந்த மூட்டையைத் திறக்க வேண்டும் என்று அங்கே நின்று தானே கை காட்டுவாள்.

எனக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அக்கா போய்ச் சேர்ந்தும் ரொம்ப வருஷமாகிறது. சிதம்பரத்துக்குப் போகிற பஸ் செம்மங்குப்பம் பக்கம் வரும்போது, ஆலைகளிலிருந்து வருகிற மருந்து நெடி ஜன்னல் வழியே அடிக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அந்தக் கட்டடங்களுக்குள் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்து யாரோ ஒரு பெண் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் ஒரு ஜில்லாவுக்கு ஒரே ஒருத்திதான். அவள் எங்கள் வீட்டுப் பெண். இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அக்கா ஓய்வுபெற்ற அன்று கல்லூரியில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். பேசியவர்கள் எல்லாம் அவளுடைய கண்டிப்பைப் பற்றிப் பேசினார்கள். அவளுக்கு முன்பே ஓய்வுபெற்றிருந்த பழைய அட்டெண்டரும் வந்திருந்தார். காபிக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய், ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். அந்த விசாரணைச் சமயத்தில் என் எண்ணெயைச் சோதித்த நாட்களில் அக்கா யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். மாமா வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுத் தூக்கு அப்படியே திரும்பிப் போகுமாம்.

"பொதங்கெழம காலையில பொட்டியத் தொறந்தோம் தம்பி," என்றார். "மூணு தட்டும் ஒண்ணாட்டமே இருந்துச்சு. உம்மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சு. அம்மா அப்பிடியே தரையில உக்காந்து அழுதாங்க. கொஞ்ச நேரங்கழிச்சு மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்து, அந்தத் தட்டு எல்லாத்தையும் எடுத்துக் கொதிக்கிற தண்ணியில போடச் சொல்லிட்டாங்க. மொதல்லேர்ந்து மறுபடியும் பண்ணணும்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஏம்மா, சரியாத்தான வந்திருக்குன்னு கேட்டேன்."

அவர் மேஜையருகில் விருந்தினர்களோடு நின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"'எனக்கு வேண்டிய மாதிரியே வந்திருக்கு, அதான்'னாங்க."